முதலாம் பிரிவுக்கு ஏறிய வருடம்

வவுனியா
12.09.1995

அன்புள்ள தம்பி பீலிக்ஸுக்கு,

தேவதாயின் காவலில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு இருமல் குறைந்துவிட்டது. வேலைக்கு நடந்து போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொள்.

ஒரு சந்தோஷமான செய்தி. எங்கள் கல்லூரிப் பெடியள் உதைபந்தாட்டத்தில் இரண்டாம் பிரிவில் முதலாவதாக வந்துவிட்டார்கள். கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில்தான். நீ அணித்தலைவனாக இருந்த வருடம் அரையிறுதியில் தோற்றதை நினைத்து அகஸ்ரின் மாஸ்ரர் கண்ணைத் துடைத்தார்.

இப்போது பாடசாலைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. விரும்பினால் அடுத்த வருடம் முதலாம் பிரிவுக்கு ஏறலாம். விரும்பாவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் ஏறிவிட்டு நடுவில் விலகினால் இரண்டு வருடத்துக்கு எந்தப் பிரிவிலும் விளையாட முடியாது.

இரண்டாம் பிரிவென்றால் பக்கத்து ஊர்களுக்குப் போய் அன்றைக்கே திரும்பி வந்துவிடுவார்கள். முதலாம் பிரிவென்றால் கொழும்பு, கண்டி, காலி. பதினெட்டுப் பிள்ளைகளையும் இரண்டு ஆசிரியர்களையும் கொண்டு போக வேண்டும். ஊரை விட்டு வெளியே போக ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும், தங்க வேண்டும், எல்லாருக்கும் நல்ல பூட்ஸ் வேண்டும். அந்தப் பெரிய கல்லூரிகளுக்குக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் அகஸ்ரின் மாஸ்ரர், "இப்பிடி ஒரு செட் இனி வராது சுவாமி. இப்ப ஏறாட்டி எப்ப ஏறுறது?" என்றார். அதிபர் சுவாமி, "ஏறுறது பெரிசில்லை மாஸ்ரர். ஏறி நிக்கிறதுக்கு ஆர் காசு தாறது?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இத்தாலியில் பலேர்மோ பழைய மாணவர் கிளையின் செயலாளர் என் தம்பியல்லவா.

முடியுமென்றால் எழுது. முடியாதென்றால் முடியாது என்றே எழுது. யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா செலஸ்ரீனா

*

பலேர்மோ
15.10.1995

என் அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது எங்கள் ஊர் ஆனந்தராசா கொண்டுவந்து தந்தான். அவன் பகேரியாவில் ஒரு பழைய வீட்டில் தோட்டமும் சமையலும் பார்க்கிறான். இருவரும் படியில் இருந்து இரண்டு முறை வாசித்தோம். நான் சுகம். நான் வேலை செய்யும் லிபெர்த்தா வீதி வீட்டில் வீட்டுக்காரி சிஞ்ஞோராவும் அவவின் வயதான தகப்பனும்தான். என்னை வீட்டு ஆள் மாதிரித்தான் வைத்திருக்கிறார்கள்.

அக்கா, ஏறத்தான் வேண்டும். நாங்கள் எப்போதும் அரையிறுதிக் கல்லூரியாகவே இருந்து சாவதா? போன ஞாயிறு கோவில் மண்டபத்தில் கூட்டம் வைத்தேன். முப்பத்தொரு பேர் வந்தார்கள். நான் எழும்பிக் கதைத்தேன். அந்த அரையிறுதியைப் பற்றிச் சொன்னபோது சிலர் கைதட்டினார்கள். எல்லாரும் ஒரே மனதாக ஓமென்றார்கள். மூன்று வருடத்துக்குப் பெடியளின் பயணச் செலவு முழுவதும் பலேர்மோ கிளையுடையது. வருடக் காசை இரண்டு பாதியாக அனுப்புவோம். முதல் பாதி டிசம்பரில் நத்தாருக்கு முன் வரும், மற்றது மார்ச்சுக்குள்.

அதிபர் சுவாமிக்குச் சங்கத்தின் கடிதத்தாளில் தனியாக எழுதியிருக்கிறேன். நீங்களே உங்கள் கையால் கொடுங்கள்.

மருந்தை நேரத்துக்கு எடுங்கள்.

இங்ஙனம் உங்கள் தம்பி
பீலிக்ஸ்

*

வவுனியா
04.12.1995

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தர் உன்னைக் காக்க. நான் நலம். மழை தொடங்கிவிட்டது, கூரையில் இரண்டு இடம் ஒழுகுகிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

முதல் பாதி கிடைத்துவிட்டது. உன் கடிதத்தை அதிபர் சுவாமி காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் வாசித்தார். வாசித்து முடித்து என்னை மேடைக்குக் கூப்பிட்டார். எனக்குப் பெருமைதான்.

கல்லூரி ஏறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டது. உங்கள் காசு பயணத்துக்குச் சரி. ஆனால் பூட்ஸுக்கும் மைதான வேலிக்கும் கல்லூரிதான் பார்க்க வேண்டும். அதற்காக இந்த வருடம் நூலகத்துக்குப் புத்தகம் இல்லை. விடுதியில் ஞாயிறு இறைச்சி இல்லை. பெண்பிள்ளைகளின் வலைப்பந்தாட்டத்தை மூன்று வருடத்துக்கு நிறுத்தியிருக்கிறோம். பொறுப்பாசிரியர் என்ற முறையில் நான்தான் அதில் கையெழுத்து வைத்தேன். என் தம்பி அவ்வளவு தரும்போது நான் எப்படி மாட்டேன் என்பது?

பந்துகளைக் களஞ்சிய அறையில் வைக்க றம்யா வந்தாள். மாவட்ட அணிக்கு எடுபட வேண்டிய பிள்ளை. "ரீச்சர், மூண்டு வருசத்தாலை நான் பள்ளிக்கூடத்திலை இருக்க மாட்டனே" என்றாள். அழவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

கோல் காப்பவன் விமலராஜை உனக்குத் தெரியாது. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் ஒழுங்கைக் கடைசியில் இருக்கிறார்கள். தாய் எமிலியானா விடுதியில் சமைக்கிறா. தகப்பன் இல்லை. உன் கடிதம் வாசித்த அன்று எமிலியானா என் கையைப் பிடித்து, "உங்கட தம்பியாலை என்ர பிள்ளை கொழும்பு பாக்கப் போறான்" என்றா.

நத்தார் வாழ்த்துக்கள்.

அக்கா

*

பலேர்மோ
18.01.1996

அன்பான அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நத்தார் இங்கே வேலையோடு போய்விட்டது. கிழவருக்கு நெஞ்சுச் சளி.

இங்கே புதிய சட்டம் ஒன்று வந்திருக்கிறது. தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோ இல்லாமல் இருக்கிறவர்கள் மார்ச் முடிவுக்குள் பதிந்தால் கடதாசி கிடைக்கும். எல்லாரும் அதைப் பற்றியே கதைக்கிறார்கள். எனக்கும் அலைச்சல், அதனால் கடிதம் சுருக்கம்.

றம்யா என்ற பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். காசு வரும்.

பீலிக்ஸ்

*

வவுனியா
20.02.1996

அன்புள்ள தம்பிக்கு,

உன் அலைச்சல் நல்லபடி முடிய மடு மாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன். கிழவருக்கு இப்போது எப்படி?

கொழும்பில் குண்டு வெடித்ததை அங்கேயும் காட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகு தமிழ்ப் பெடியள் அங்கே ஓர் இரவு தங்குவதே பயமாக இருக்கிறது. லொட்ஜுகளில் பொலிஸார் வந்து பிடிக்கிறார்களாம். அகஸ்ரின் மாஸ்ரர் ஒரு வழி சொல்கிறார். ரெயில் கோச்சியில் போகாமல் தனியாக ஒரு பஸ் பிடித்தால் விடியப்புறம் போய், விளையாடி முடித்து உடனே வெளிக்கிட்டு, திரும்பும் வழியில் அனுராதபுரத்துக் கோவிலில் படுக்கலாம். கொழும்பில் தங்கவே தேவையில்லை. ஆனால் பஸ்காரர் முழுக் காசையும் முன்னுக்குக் கேட்கிறார். இரண்டாம் பாதி வந்தால் அதைச் செய்யலாம். கொழும்பு ஆட்டம் மே மாதம்.

உனக்கு அங்கே கஷ்டமென்றால் இப்போதே எழுது தம்பி. இப்போது எழுதினாலும் நாங்கள் வேறு வழி பார்க்கலாம்.

அக்கா

*

பலேர்மோ
28.03.1996

அன்பான அக்காவுக்கு,

ஆண்டவர் துணை. கிழவர் எழும்பி நடக்கிறார். எனக்குக் கடதாசி அலுவல் முடிந்துவிட்டது, பதிந்துவிட்டேன்.

காசைப் போன கிழமை வங்கியில் கட்டினேன். இங்கே பாஸ்கு விடுமுறை வருகிறபடியால் பிந்தும் என்றார்கள். பஸ்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். வராவிட்டால் மாஸ்ரர் எப்படியும் சமாளிப்பார். அவர் கெட்டிக்காரர்.

வேறு விசேஷம் இல்லை. உயிர்த்த ஞாயிறு வாழ்த்துக்கள்.

பீலிக்ஸ்

*

வவுனியா
26.05.1996

தம்பி பீலிக்ஸுக்கு,

நீ சுகமாக இருப்பாய். நான் இருக்கிறேன்.

மே பதினோராம் திகதி பெடியள் கொழும்புக்குப் போனார்கள். காசு வரவில்லை. பஸ்காரர் பொறுக்கவில்லை. போகாவிட்டால் விலகியதாகக் கணக்கெடுத்து இரண்டு வருடத் தடை. சுவாமி வேண்டாமென்றார். மாஸ்ரர் எல்லாருக்கும் பாஸ் எடுத்து வந்து மேசையில் வைத்தார். கோச்சியில் போனார்கள். மலிவான ஒரு லொட்ஜில் இரண்டு அறையில் இருபது பேர்.

விடிவதற்கு முன் பொலிஸ் வந்தது. மாஸ்ரர் கல்லூரிக் கடிதத்தையும் ஆட்ட அட்டவணையையும் காட்டியிருக்கிறார். "உதைபந்தாட்டம் விளையாட வந்த பிள்ளைகள்" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த நாள் பின்னேரம் ஒரு பாதிரியார் வந்து கதைத்துப் பதினேழு பிள்ளைகளை வெளியில் எடுத்தார். விமலராஜை விடவில்லை. அவன் மன்னாரில் பிறந்தவன். அடையாள அட்டையில் ஒரு ஊர், பாஸில் வேறு ஊர். பிறப்புப் பத்திரம் இடம்பெயர்ந்தபோதே போய்விட்டது. விசாரிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

மாஸ்ரர் பதினேழு பேரோடு வவுனியா ஸ்ரேசனில் இறங்கினார். எமிலியானா மேடையில் நின்றா. ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனா. கடைசிப் பெட்டியும் வெறுமையானதும் மாஸ்ரரிடம், "என்ர பிள்ளை வாற கோச்சியிலையோ?" என்று கேட்டா. நான்தான் சொன்னேன்.

விளையாடாததால் தடை வந்துவிட்டது. அது இப்போது யாருக்கும் பெரிதில்லை.

நேற்று வங்கிக்குப் போனேன். முதல் பாதிக்குப் பிறகு பலேர்மோவிலிருந்து எங்கள் பேருக்கு ஒன்றும் அனுப்பப்படவில்லை என்று முகாமையாளர் சொன்னார்.

அக்கா

*

வவுனியா
14.07.1996

தம்பி,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. சுகமில்லையோ என்று யோசிக்கிறேன். ஆனந்தராசாவின் தாய், நீ ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வருகிறாய் என்று மகன் எழுதியதாகச் சொல்கிறா. சந்தோஷம்.

விமலராஜ் இன்னும் உள்ளேதான். அடுத்த மாதம் அவனுக்கு உயர்தரச் சோதனை.

அக்கா

*

பலேர்மோ
11.08.1996

அக்கா,

சுகம் கேட்டு எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் உங்கள் இருமல் எப்படி என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன்.

ஏழு முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

அன்றைக்குக் கூட்டத்துக்கு முப்பத்தொரு பேர் வந்தது உண்மை. காசென்று நான் தொடங்கியதும் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். "எங்கட பெர்மெஸ்ஸோவுக்கே வழியில்லை, பந்தடிக்கக் காசோ" என்று ஒருவர் கேட்டார். மிஞ்சினது பதினொரு பேர். அவர்களும் ஒரு வருடத்துக்குத்தான் ஓமென்றார்கள். நான் வீட்டுக்கு வந்து முப்பத்தொரு பேர், மூன்று வருடம் என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால், உங்கள் கடிதத்தில் எல்லாரும் என்னை எதிர்பார்த்து இருந்தீர்கள். இங்கே என்னை யாரும் எதற்கும் எதிர்பார்ப்பதில்லை. கிழவருக்கு மலம் எடுப்பதும் தரை துடைப்பதும்தான் என் வேலை. ஒரு வருடமாக உங்களுக்கு வேறு மாதிரி எழுதினேன்.

முதல் பாதியில் பெரும் பங்கு என் சேமிப்பு. இல்லாத இருபது பேரின் காசையும் நானே போட்டேன். அதனால்தான் மார்ச்சில் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பதினொரு பேரும் இரண்டாம் முறை தந்தது மட்டும் என் பெட்டிக்குள் இருந்தது. பஸ்ஸுக்கு அது போதும் என்று எனக்குத் தெரியும்.

பதிவதற்கு முதலாளி சில மாதக் காப்புறுதிக் காசை அரசாங்கத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும். சிஞ்ஞோரா, "வேலை செய்யிறாய் எண்டு எழுதித் தாறன். காசு நீ கட்டு. இல்லாட்டி வேறை வீடு பார்" என்றா. திகதி முடிய ஒரு கிழமைதான் இருந்தது. அந்தக் காசை எடுத்துக் கட்டினேன். பிறகு குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையக வாசலில் மூன்று இரவு வரிசையில் நின்றேன். அங்கே நின்றுதான் உங்களுக்கு வங்கி, பாஸ்கு என்று பொய் யோசித்தேன்.

ஆனந்தராசாவிடம் போன வியாழன் சொன்னேன். லீவு நாளில் பூங்கா வாங்கில் இருந்தோம். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு, "என்னட்டைக் கேட்டிருந்தா நான் தந்திருப்பன். கேக்க வெக்கம், எடுக்க வெக்கமில்லையோ?" என்றான். எழும்பி ரெயினுக்குப் போய்விட்டான்.

எனக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்துவிட்டது. பொலிஸைக் கண்டால் இப்போது நான் வீதி மாற வேண்டியதில்லை. அதை என்னால் கையில் எடுத்துப் பார்க்க முடியவில்லை அக்கா.

பீலிக்ஸ்

*

வவுனியா
10.11.1996

பீலிக்ஸுக்கு,

மூன்று மாதம் பேனை எடுக்கவில்லை. எடுத்தால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

விமலராஜ் செப்ரெம்பர் பதினெட்டில் வெளியே வந்தான். மெலிந்துவிட்டான். சோதனை போய்விட்டது. இடக்கையின் இரண்டு விரல் மடங்குவதில்லை. என்ன நடந்ததென்று கேட்டால் "ஒண்டுமில்லை ரீச்சர்" என்கிறான். மைதானப் பக்கம் போவதில்லை.

உன்னைத் திட்டி எழுதத்தான் இருந்தேன். ஆனால் நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். போன நத்தார் பூசை முடிந்து ஆனந்தராசாவின் தாய் என்னிடம், "பதினொரு பேர்தானாம் ஓமெண்டது, உங்கட தம்பி தனிய இழுக்கிறானாம்" என்று சொன்னா. எனக்கு அப்போதே தெரியும். அப்போதே சுவாமியிடம் போயிருந்தால் பெயரைத் திருப்பி எடுத்திருக்கலாம், தடை வராது என்று சங்கம் ஜனவரிவரை நேரம் கொடுத்திருந்தது. நான் போகவில்லை. மேடையில் நின்றவள் நான். இறங்கி வந்து, என் தம்பி சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்பிள்ளைகளின் விளையாட்டை என் கையாலேயே நிறுத்தியிருந்தேன். அதுவும் வீணென்று ஒப்புக்கொள்ள வேண்டி வருமே.

எமிலியானாவோடு இரண்டு முறை கொழும்புக்குப் போனேன். கோச்சியில் அவ என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டா. இப்போதும் நான் செய்த உதவியைப் பற்றி ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிகிறா. கேட்க முடியவில்லை.

சுவாமிக்கு நேற்று எல்லாம் சொல்லிவிட்டேன். எமிலியானாவுக்கு நீதான் சொல்ல வேண்டும். அவவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. உன் கடிதத்தை யாரோ வாசித்துக் காட்ட வேண்டி வரும். நான் வாசிக்க மாட்டேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எழுது. என்னுடைய பங்கையும் எழுது, நான் சொல்லப் பார்த்துத் தோற்றுவிட்டேன்.

கர்த்தர் நம் இருவரையும் மன்னிக்கட்டும்.

செலஸ்ரீனா

*

பலேர்மோ
08.12.1996

மதிப்புக்குரிய எமிலியானா அக்காவுக்கு,

நீங்களும் மகனும் உடல் தேறி வர வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

நான் செலஸ்ரீனா ரீச்சரின் தம்பி பீலிக்ஸ். உங்கள் மகனும் மற்றப் பிள்ளைகளும் கொழும்பில் தங்காமல் திரும்பி வர ஒரு பஸ் பிடிப்பதாக இருந்தது. அதற்கான காசு மார்ச் மாதம் என்னிடம் இருந்தது. அதை நான் என்னுடைய கடதாசிக்கு எடுத்துக் கட்டினேன். வங்கியில் போட்டதாகப் பொய் எழுதினேன். மூன்று வருடத்துக்குத் தருவோம் என்று கல்லூரிக்கு எழுதியதும் பொய். நான் சொன்னதில் ஒரு பகுதி பொய் என்று அக்காவுக்கு நத்தாரிலேயே தெரியும். உங்களிடம் சொல்ல அவவுக்குத் துணிவு வரவில்லை.

தெரியாமல் செய்ததில்லை. லொட்ஜில் தங்கினால் பிடிப்பார்கள் என்று எனக்கு எழுதியிருந்தார்கள். வாசித்துவிட்டுத்தான் செய்தேன்.

இதை வாசிக்கும் தம்பி விமலராஜுக்கு, உன் முன்னால் நின்று சொல்ல வேண்டியதை உன் வாயாலேயே வாசிக்க வைக்கிறேன். அதற்கும் வெட்கப்படுகிறேன்.

பீலிக்ஸ்

*

வவுனியா
19.01.1997

பீலிக்ஸ் தம்பிக்கு எமிலியானா எழுதுவித்தது. கை என் மகனுடையது.

உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் இருக்கிறோம். மகன் வாசித்துக்கொண்டு வந்து நடுவில் நின்றான். "வாசி" என்றேன். மீதியையும் வாசித்தான். பிறகு நான் உலையில் அரிசி போட்டேன், அவன் தண்ணி அள்ளப் போனான்.

அடுத்த நாள் உங்கள் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவ கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. வாசலிலேயே இரண்டு பேரும் நின்றோம். "கோச்சியிலை எண்டாலும் சொல்லியிருக்கலாமே ரீச்சர்" என்றேன். "ஓம்" என்றா. அவ்வளவுதான் கதைத்தோம். இப்போது கோவிலில் நான் வேறு வாங்கில் இருக்கிறேன். எவ்வளவு நாளைக்கு என்று எனக்குத் தெரியாது.

எங்களுக்குக் காசு அனுப்ப வேண்டாம். அனுப்பினால் அதைத் திருப்ப எனக்கு வழி தெரியாது. கல்லூரிக்குச் சொன்னதைக் கல்லூரிக்குக் கொடுங்கள். வலைப்பந்து திரும்பவும் தொடங்கப் போகிறார்களாம், அதற்குக் கொடுங்கள்.

எமிலியானா
(கைநாட்டு)

பீலிக்ஸ் அண்ணாவுக்கு, இது நான் எழுதுவது.

கொழும்புக்கு முன் முதலாம் பிரிவில் இரண்டு ஆட்டம் விளையாடினோம். இங்கே நடந்ததில் நாலு கோல் வாங்கினேன். குருநாகலில் நடந்தது ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில் அவர்களுக்குத் தண்ட உதை கிடைத்தது. நான் இடப்பக்கம் பாய்ந்து பிடித்தேன். அகஸ்ரின் மாஸ்ரர் மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்துவிட்டார். எங்கள் கல்லூரி முதலாம் பிரிவில் எடுத்த ஒரே ஒரு புள்ளி அதுதான். ரீச்சர் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டா. தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

இந்த ஆவணியில் சோதனை எழுதுகிறேன். வலக்கைக்கு ஒன்றுமில்லை.

அம்மா கடைசியாக இன்னும் ஒரு வசனம் சொன்னா. அதை நான் எழுதவில்லை.

விமலராஜ்